அழைப்பிதழ்களில் இல்லாத உன் அத்தை

மகனுக்கு,

'அன்புள்ள' என்று எழுதி அடித்துவிட்டேன். அன்பு இல்லாமல் போகவில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை என் கோபம்தான் எழுதுகிறது, அதற்கு வேறு பெயர் வைத்து உன்னை ஏமாற்ற விரும்பவில்லை. போனில் சொன்னால் 'சரிங்கம்மா, சரிங்கம்மா' என்று கேட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய். அதனால் எழுதுகிறேன். எண்பத்தொரு வயதில் என் கையெழுத்து கொஞ்சம் நடுங்கும், அவ்வளவுதான். படிக்க முடியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. உன் மனைவியும் படிக்கட்டும். அடுத்த மாதம் மணமேடை ஏறப்போகிற உன் மகளும் படிக்கட்டும். இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. ஒளித்ததெல்லாம் போதும்.

நீ அச்சடித்து அனுப்பிய குடும்ப வரலாற்றுப் புத்தகம் வந்து சேர்ந்தது. முந்நூறு படிகள், ஆறு கட்டுகள். வண்டியில் கொண்டுவந்தவன் தேங்காய்க் கிடங்கில் இறக்கிவிட்டுப் போனான். கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையோடு கொடுக்க வேண்டும் என்று நீ சொன்னாய். நல்ல யோசனை என்று நானும் மகிழ்ந்தேன். தாள் நன்றாக இருக்கிறது, பைண்டிங் நன்றாக இருக்கிறது. முன்னுரையில், 'ஆவணம் இல்லாத ஒரு பெயரும் இதில் சேர்க்கப்படவில்லை. இந்தக் கறாரை எனக்குக் கற்றுத்தந்தவர் என் தாய்' என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்து ஒரு நாள் முழுக்கப் பெருமையாக இருந்தேன். ஒரே நாள். மறுநாள் காலை ஏலமலை வண்டன்மேட்டிலிருந்து உன் அத்தை போனில் கூப்பிட்டாள். அண்ணி என்று சொல்ல மாட்டாள், இன்றைக்கும் 'நங்கை'தான்.

"நங்கை, நல்லாருக்கீங்ளா? தம்பி போட்ட புஸ்தகம் வந்துருச்சுங்ளாமா. பக்கத்தூட்டுப் பொண்ணு போன்ல அட்டையக் காட்டுச்சு. எம்பேரு எத்தனாம் பக்கத்துல வருதுங்க? சொன்னீங்கன்னா, புஸ்தகம் வந்ததும் அந்தப் பக்கத்த மட்டும் அவளப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்குவேன். கண்ணாடி போட்டும் எழுத்து தெரியறதில்லீங்க."

பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்தேன். நூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். உன் அப்பா பெயர் இருக்கிறது. சித்தப்பா இருக்கிறார். சித்தப்பாவின் மைத்துனர் வீட்டில் போன வருடம் பிறந்த குழந்தைகூட, மொட்டைத் தலையோடு படமாக இருக்கிறது. உன் அப்பாவோடு கூடப்பிறந்த ஒரே பெண், தெய்வாத்தாள், எங்கும் இல்லை. உன்னைக் கூப்பிட்டுக் கேட்டேன். நீ என்ன சொன்னாய் என்பதை இங்கே எழுதுகிறேன், எழுத்தில் பார்த்தால் உனக்கே எப்படி இருக்கிறது என்று பார்.

"அத்தைக்கு வாரிசு இல்லீங்ளேம்மா. மரத்துல அந்தக் கெளை அங்கயே நின்னு போகுது. அதுமில்லாம பேருக்கு ஒரு ஆதாரமும் கெடைக்கலீங்க. வாயனசாலைல நம்ம ஊட்டு அழைப்பிதழ் பன்னெண்டும் பாத்தேன், ஒண்ணுல கூட அத்தை பேரு இல்லீங்க. ஆதாரமில்லாம எப்புடிங்கம்மா போடறது? நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க."

கிளை நின்று போகிறதாம். மகனே, உயிரோடு இருக்கிற ஒருத்தி, தன் பெயர் எந்தப் பக்கத்தில் என்று கேட்கிறாள். அவளிடம் போய் நீ பாதியில் நின்றுபோன கிளை, அதனால் வெட்டிவிட்டோம் என்று நான் சொல்ல வேண்டுமா? அன்றே கிடங்கைப் பூட்டினேன். மறுநாள் நானே வாயனசாலைக்குப் போனேன்; மலையாளப் பெயர்ப்பலகை மாட்டிய நம் ஊர் நூலகம்தானே, எனக்கும் வழி தெரியும். உனக்கு ஆதாரம்தானே வேண்டும்? கன்னியாஸ்திரீகளிடம் பதினோரு வருடம் படித்தவள் நான். ஒரு வாக்கியத்துக்கு ஆதாரம் கேட்டால் எழுந்து நின்று பக்க எண்ணோடு சொல்ல வேண்டும் என்று பழக்கப்பட்டவள்.

நம் ஊர் நூலகத்தை நீ ஒரு சனி, ஒரு ஞாயிறு பார்த்தாய். நான் தொடர்ந்து மூன்று நாள் போனேன். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியது, ஏறினேன். உள்ளூர்க் குடும்பங்களின் அலமாரி என்று லைப்ரேரியன் ஷைலஜா தனியாக வைத்திருக்கிறாளே, அதன் முன்னால் நாற்காலி போட்டுக் கொடுத்தாள். கல்யாண அழைப்பிதழ்களை வீட்டுப்பெயர் வாரியாக ஒட்டிய தொகுதிகள், பழைய வாக்காளர் பட்டியல்கள், பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேட்டின் நகல்கள். பத்திரிகை படித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏனுங்கம்மா, பாகப் பிரிவினைக்குங்களா?" என்றார். அந்த அலமாரியைத் திறப்பவர்கள் எல்லாரும் சொத்துக்காகத்தான் திறக்கிறார்கள் போலிருக்கிறது. இல்லை, ஒரு ஆளைத் தேடுகிறேன் என்றேன். "காணாமப் போயிட்டாங்ளா?" என்றார். "போகலீங்க. நாங்களா தொலைச்சுட்டோம்" என்றேன். அவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு மிச்ச நேரம் முழுக்க என்னையே வேடிக்கை பார்த்தார்.

முதல் நாள் அழைப்பிதழ் தொகுதியைப் பார்த்தேன். நீ சொன்னது சரி. பன்னிரண்டிலும் இல்லை. அதைப் பார்த்ததும் உன் மேல் இருந்த கோபம் இன்னும் ஏறியது. ஏன் தெரியுமா? நம் பக்கத்தில் கல்யாண அழைப்பிதழில் யார் பெயரைப் போடுவார்கள், யார் பெயரைப் போட மாட்டார்கள் என்று உனக்குத் தெரியாதா? வேட்டி கட்டி நாலு கல்யாணத்துக்குப் போனவன் இல்லையா நீ? புருஷன் செத்தவள் பெயர் வராது. வாழாமல் திரும்பி வந்தவள் பெயர் வராது. கல்யாணமே ஆகாதவள் பெயர் வராது. அந்தத் தாள் குடும்பத்தைக் காட்டுகிற தாள் அல்ல; அன்றைக்கு யாரை முன்னால் நிறுத்தலாம் என்று முடிவு செய்தவர்கள் எழுதிய தாள். அதை வைத்து நீ வம்சம் எழுதினாய். ஒரு ஆவணத்தை எடுத்தால் அதை எழுதியது யார், எதற்காக எழுதினார்கள் என்று முதலில் கேட்க வேண்டும் என்று உனக்குத் தோன்றவில்லை. அத்தைக்குக் கல்யாணமாகி ஒன்பதாம் மாதம் புருஷன் பாம்பு கடித்து இறந்தான். அன்றோடு அவள் பெயர் அச்சு ஏறுவது நின்றது; நீ பார்த்த பன்னிரண்டும் அதற்குப் பிறகு அடித்தவை. அவள் இருப்பது நின்றதா?

இன்னொன்றும் கேட்கிறேன். உன் மகள் கல்யாண அழைப்பிதழில் முதல் வரியிலேயே என் பெயரைப் போட்டிருக்கிறாய். நானும் புருஷனை இழந்தவள்தான், ஆறு வருடம் ஆகிறது. 'அதெல்லாம் பழைய காலமுங்கம்மா' என்று சொல்லித்தான் போட்டாய். அப்படியானால் வழக்கம் உன்னைத் தடுக்கவில்லை. எனக்குப் பழைய காலம் முடிந்துவிட்டது, அவளுக்கு முடியவில்லை. ஏனென்றால் நான் உன்னைப் பெற்றேன், அவள் யாரையும் பெறவில்லை. இதுதான் உன் கணக்கு. இதை உன் வாயால் ஒருமுறை சொல்லிப் பார்.

இரண்டாம் நாள்தான் எனக்கு அடி விழுந்தது. எதுவும் கிடைக்காமல் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஷைலஜா வந்தாள். "அம்மா, வேறொரு பெட்டி உண்டு. மகன் சார் வந்தப்போ திரக்கிலாயிருந்தார், அவசர அவசரமா போட்டோ எடுத்துட்டுப் போயி. இதைப் பார்க்கல" என்றாள். சித்தூரில் நமக்கெல்லாம் அழைப்பிதழ் அடித்துக்கொடுத்த அச்சகம் மூடியபோது, அச்சகக்காரர் தன்னிடம் இருந்த ப்ரூஃப் தாள்களைப் பெட்டியோடு நூலகத்துக்குக் கொடுத்திருக்கிறார். "அடிச்சதில் இல்லாத ஆளுங்க ப்ரூஃபில்தான் உண்டு அம்மா" என்று சிரித்துக்கொண்டே பெட்டியை வைத்துவிட்டுப் போனாள். உன் சித்தப்பா கல்யாணத்து ப்ரூஃப் அதில் இருந்தது. உன் அப்பா எழுதிக்கொடுத்தபடி அச்சுக் கோத்திருக்கிறார்கள். கடைசியிலிருந்து மூன்றாவது வரி: 'செல்வி. தெய்வாத்தாள், ஆசிரியை, வண்டன்மேடு'. 'செல்வி' என்று போட்டிருந்தார் உன் அப்பா; தங்கையை எப்படியாவது உள்ளே கொண்டுவரப் பார்த்திருக்கிறார் பாவம். அந்த வரியின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. அளவுகோல் வைத்துப் போட்ட நேர்க்கோடு. ஓரத்தில் 'நீக்குக' என்று எழுதியிருந்தது. அந்தக் கையெழுத்தை எந்த ஊரில் கண்டாலும் எனக்குத் தெரியும். என்னுடையது.

நம் வீட்டு அழைப்பிதழ் எல்லாவற்றுக்கும் ப்ரூஃப் பார்த்தது நான்தான். தமிழ், மலையாளம், இங்கிலீஷ் மூன்றும் தெரிந்த மருமகள் என்று அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்கள், நானும் கிரீடம் மாதிரி அதைத் தலையில் வைத்துக்கொண்டேன். அந்த வரியை அடிக்கச் சொல்லி யாரும் என்னிடம் சொல்லவில்லை. அச்சாகி வந்தபின் உன் அப்பா தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "தெய்வா பேரு உட்டுப்போச்சே" என்றார். அச்சகக்காரர் விட்டுவிட்டார் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தண்ணீர் கட்டப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஏறக்குறைய நாற்பது வருடம் அவரோடு வாழ்ந்தேன். அதைப் பற்றி அவரும் மறுபடி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மங்கல காரியத்தில் அந்தப் பெயர் எதற்கு என்றுதான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சாக்கு. உண்மையை இப்போது எழுதுகிறேன். உனக்கு ஐந்து வயதாகும்போது எனக்குக் காசநோய் வந்தது. குழந்தை பக்கத்தில் வரக்கூடாது என்று டாக்டர் சொன்னார். உன்னை அத்தை வந்து வண்டன்மேட்டுக்குக் கூட்டிப் போனாள். இரண்டு வருடம் வைத்திருந்தாள். நீ பள்ளிக்கூடம் போனது அங்கேதான், ஏலத்தோட்டத்துப் பிள்ளைகளோடு, அவள் வகுப்பிலேயே. திரும்பி வந்தபோது நீ பேசிய தமிழே வேறு. "அங்கிட்டு என்ன இருக்கு, இங்கிட்டு என்ன இருக்கு" என்று கேட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தாய். நம் ஊர்ப் பிள்ளைகள், "டேய், பாண்டிக்காரன் வந்துட்டான்டா" என்று உன்னைக் கேலி செய்தார்கள். அதெல்லாம் எனக்கு வலிக்கவில்லை. வந்த வாரமே உனக்குக் காய்ச்சல். நான் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போடுகிறேன், நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு, "அத்தை எங்க?" என்றாய். பெற்றவள் இரண்டு வருடம் சாகாமல் கிடந்தது உன்னைப் பார்க்கத்தான். நீ அத்தை எங்கே என்றாய்.

அதற்குப் பிறகு ஒரு விடுமுறைக்கும் உன்னை அங்கே அனுப்பவில்லை. மலைக் குளிர் ஆகாது என்றேன், அட்டைக்கடி என்றேன், பரீட்சை என்றேன். அவள் போட்ட கடிதங்களை உனக்குப் படித்துக் காட்டவில்லை. பிறகு அந்த ப்ரூஃப் வந்தது. சிவப்புப் பேனா என் கையில் இருந்தது. நீ அத்தையை மறந்ததற்குக் காரணம் உன் ஞாபகம் அல்ல, நான். வருடம் வருடமாக உட்கார்ந்து அவளை உன்னிடமிருந்து அடித்து எடுத்தேன்.

இதைச் சொல்லிவிட்டதால் உன் மேல் உள்ள கோபம் குறைந்துவிட்டது என்று நினைக்காதே. என் தப்பு என்னுடையது, நான் சுமக்கிறேன். நீ ஐம்பத்தைந்து வயது ஆள். கோயம்புத்தூரில் ஒரு ஆபீஸையே நடத்துகிறாய். நான் அடித்த கோட்டைத் தாண்டிப் பார்க்க உனக்கு எத்தனை வருடம் இருந்தது? மூன்றாம் நாள் நான் கண்டுபிடித்ததை நீ இரண்டு நாளில் கண்டுபிடித்திருக்கலாம்.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு. அதில் உன் அப்பா பெயரை எடுத்திருக்கிறாய், சித்தப்பா பெயரை எடுத்திருக்கிறாய், எடுத்த பக்கங்களைப் புத்தகத்தில் படமாகவே போட்டிருக்கிறாய். எல்லாரையும் தேடினாய், உன்னைத் தேடவில்லை. நான் தேடினேன். மூன்றாம் வகுப்பில் நீ சேர்ந்த வரி இருக்கிறது. முன்பு படித்த இடம்: வண்டன்மேடு. அதற்குப் பக்கத்தில் ரக்ஷகர்த்தா என்று ஒரு கட்டம். பிள்ளைக்குப் பொறுப்பாக நிற்பவர் பெயரை எழுதுகிற இடம். உன் அப்பா அன்று கால்வாய்த் தண்ணீர் முறை என்று வரப்பில் நின்றார். எனக்குப் பள்ளிக்கூடம் வரை நடக்க இன்னும் தெம்பு வரவில்லை. கம்பம், தேனி, பழனி, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி உன்னைக் கொண்டுவந்தவளே உன் கையைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்த்தாள். அந்தக் கட்டத்தில் மலையாளத்தில் குமாஸ்தா எழுதியிருக்கிறார்: தெய்வாத்தாள், ஆசிரியை, குட்டியின் அத்தை. கீழே தமிழில் அவளுடைய கையெழுத்து. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும் உனக்கு? நீ வம்சாவளியில் இருப்பதற்கே ஆதாரமாக இருக்கிற வரியில் அவள் பெயர் இருக்கிறது. அந்தப் பக்கத்தை ஷைலஜா நகல் எடுத்து முத்திரை வைத்துக் கொடுத்தாள். இதோடு இணைத்திருக்கிறேன். ப்ரூஃப் நகலும் இருக்கிறது. இரண்டையும் புத்தகத்தில் போடு. என் சிவப்புக் கோட்டோடு போடு. இந்தக் கடிதத்தின் ஒரு படியையும் நம் வீட்டுத் தொகுதியில் சேர்க்கச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன். நாளைக்கு யாராவது தேடி வந்தால் அழைப்பிதழை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது.

அன்று மாலையே உன் அத்தையைக் கூப்பிட்டேன். புத்தகத்தில் பெயர் இல்லை என்றும் சொன்னேன், அந்தக் காலத்தில் அழைப்பிதழில் அவள் பெயரைக் கோடு போட்டு எடுத்தது நான்தான் என்றும் சொன்னேன். என் வாழ்நாளில் அவ்வளவு கஷ்டப்பட்டு நான் இரண்டு வாக்கியம் பேசியதில்லை. அவள் சொன்னாள்,

"அதுங்ளா? எனக்கு அப்பவே தெரியுமுங்க நங்கை. அச்சாபீஸ்காரரு எங்கூடப் படிச்சவரு. நேர்லயே சொல்லிப்போட்டாரு."

"தெரிஞ்சும் ஏன் அம்மிணி எங்கிட்டக் கேக்கல?"

"கேட்டா நீங்க அழுவீங்க. நீங்க அழுதா நாந்தான் சமாதானஞ் சொல்லோணும். கல்யாண ஊட்டுல எனக்கு அதுக்கெங்க நேரமிருந்துச்சு? ரெண்டு மூட்டை வெங்காயத்தோட உக்காத்தி வெச்சிருந்தீங்க."

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை, நானும் அதைக் கேட்கவில்லை. அடுத்த பதிப்பில் போடச் சொல்கிறேன் என்றேன். அப்போதுதான் அவள் குரல் மாறியது. வகுப்பில் பிள்ளைகளிடம் இப்படித்தான் பேசியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"இன்னாரு தங்கச்சி, இன்னாரு சம்சாரம்னு மட்டும் போடறதா இருந்தா வேண்டாமுங்க, உட்ருங்க. டீச்சர்னு போடோணும். கல்யாணம் ஒம்பது மாசம். பள்ளிக்கொடம் முப்பத்துநாலு வருசம். எது பெருசுன்னு பாக்கற கணக்க உங்க பையனுக்கு நாந்தான் சொல்லிக் குடுத்தேன். அவனையே போடச் சொல்லுங்க."

ஆகவே நீதான் எழுத வேண்டும். நான் எழுதிக் கொடுக்க மாட்டேன், ப்ரூஃபும் பார்க்க மாட்டேன். உன் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில், அவள் பிறந்த வரிசைப்படி, அவர்களுக்குக் கொடுத்த அதே அளவு இடம். வாரிசு என்ற இடத்தைக் காலியாக விடாதே. அவள் வகுப்பில் உட்கார்ந்து படித்தவர்களில் முதல் பெயராக உன் பெயரை எழுது. புத்தகத்தைப் புதிதாக அடி. கிடங்கில் இருக்கிற முந்நூறில் ஒன்றுகூட வெளியே போகாது. கல்யாணத்துக்குள் முடியாது என்றால் புத்தகம் இல்லாமல் கல்யாணம் நடக்கட்டும், தாலி ஏறிவிடும்.

உன் அத்தை அந்த மலையில் அறுபது வருடமாக இருக்கிறாள். நான் ஒருமுறைகூட அவள் வீட்டுப் படி ஏறியதில்லை. அந்த வீட்டுக்கு எத்தனை அறை, ஜன்னல் எந்தப் பக்கம், நீ எங்கே படுத்துத் தூங்கினாய், எதுவும் எனக்குத் தெரியாது. வருகிற வியாழக்கிழமை காலை அழைப்பிதழை எடுத்துக்கொண்டு, வெற்றிலை பாக்கு வைத்து அவளை நேரில் அழைக்கப் போகிறேன். என்னைத் தடுக்க வேண்டாம், டாக்டரிடம் கேட்டாகிவிட்டது. கார் அனுப்ப வேண்டாம். பஸ்ஸில்தான் போகிறேன், அவள் உன்னைக் கொண்டுவந்த வழி எவ்வளவு நீளம் என்று உட்கார்ந்து தெரிந்துகொள்ள வேண்டும். எட்டரை மணிக்குப் பொள்ளாச்சி பஸ் நிலையத்தில் பழனி வண்டியில் இருப்பேன். பக்கத்து சீட்டில் துண்டு போட்டு வைப்பேன். வண்டி எடுக்கும்வரை அதில் வேறு யாரையும் உட்கார விட மாட்டேன். அதற்கு மேல் உனக்காக வண்டியை நிறுத்தச் சொல்ல மாட்டேன்.

அம்மா